நனையாத சட்டை

அழுக்கு இல்லைன்னா துவைக்கக் கூடாதாம்மா? எந்தச் சட்டத்துல அப்படி எழுதியிருக்கு? மடிப்புகூடக் கலையல, காலர்ல கறை இல்ல, எல்லாம் எனக்கும் தெரியுது, கண்ணாடி போட்டுத்தான் இருக்கேன். நீ வாங்கிக் கூடையில போடு. இதுக்கு முன்னாடி இங்க நின்ன பொண்ணு ஒரு நாள்கூடக் கேட்டதில்ல. சட்டையை வாங்கும், சீட்டு குடுக்கும், போனைப் பாத்துக்கிட்டு உக்காந்துடும். நீ புதுசு, அதான் எல்லாத்தையும் கேக்கற. பரவால்ல, கேளு. என்கிட்ட ஒரு ஆள் வந்து கேள்வி கேட்டு ரொம்ப நாளாச்சு.

இரு, இரு, இப்பவே மெஷினை ஓட விடாத. அந்தச் சத்தத்துல ஒண்ணும் காதுல விழாது. என்ன விழணுமா? அதோ பாரு, சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய சுவர் தெரியுதுல்ல, அதுல மேல ஒரு ஜன்னல் திறந்து கெடக்கு. பாட்டுச் சத்தம் வருதா? ஆமா, சர்ச்தான். நாங்க சபைன்னு சொல்லுவோம். வாசல் அந்தப் பக்கம் பெரிய ரோட்ல இருக்கு, இது முதுகுப் பக்கம். இந்தச் சந்துக்குள்ள குப்பை வண்டியும் உன்கிட்டத் துணி போடறவங்களும்தான் வருவாங்க. அதனாலயே எனக்கு இந்த பெஞ்சு ரொம்பப் பிடிக்கும்.

அந்த ஜன்னல் ஏன் திறந்தே கெடக்குன்னு தெரியுமா? கொக்கி உடைஞ்சிருக்கு. மாத்தணும் மாத்தணும்னு வருஷக்கணக்கா சொல்லிக்கிட்டே இருந்து மாத்தாமயே விட்டவன் நான்தான். சுவரைக் கட்டினவனும் நான்தான். கொத்தனாரா? சரியாப் போச்சு போ. அந்தச் சபைக்கு நான் பாஸ்டரும்மா. பாஸ்டரா இருந்தேன். பாரு, இன்னமும் அந்த இருந்தேன் எனக்கு நாக்குல வர மாட்டேங்குது.

நாங்க ஆரம்பிச்சப்ப சபை ஏது, சுவர் ஏது. டயர் கடைக்குப் பின்னாடி ஒரு ரூம். நானும் என் வீட்டுக்காரியும், அப்புறம் அந்த டயர் கடை ஓனர். அவரும் ஜெபம் பண்ண வரல, பாட்டுச் சத்தம் ஜாஸ்தியா இருக்குன்னு சொல்ல வந்தவரு, நடுவுல எழுந்து போனா மரியாதையில்லன்னு உக்காந்துட்டாரு. அடுத்த வாரமும் வந்தாரு. அந்தாளுதான் எங்க முதல் விசுவாசி. சிரிக்கற, ஆனா நெஜம். சட்டையில ரப்பர் நாத்தம் போகவே போகாது.

அப்பல்லாம் நான் பேசினா இந்தச் சந்து வரைக்கும் மைக் இல்லாமயே கேக்கும். கத்துவேன். கையைத் தூக்குவேன், மேடையில இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். முடிச்சு எறங்கும்போது சட்டை பிழிஞ்சா தண்ணி கொட்டும். என் வீட்டுக்காரி சட்டையை வெச்சே மார்க் போடுவா. காலர் மட்டும் நனைஞ்சிருந்தா, என்னங்க இன்னிக்கு சுமாருதான் போலன்னுவா. முதுகு வரைக்கும் நனைஞ்சு ஒட்டிக்கிட்டா, இன்னிக்கு ஆண்டவர் பேசியிருக்காருன்னுவா. பின்வரிசையில குழந்தைங்களைப் பாத்துக்கிட்டு இருப்பா, பிரசங்கம் பாதி காதுல விழாது. அந்தச் சட்டையை வாளியில முக்கும்போதுதான் அவளுக்கு எல்லாம் தெரியும்.

பாட்டு முடியுது. கொஞ்சம் பொறு... இல்ல, இன்னொரு சரணம் இருக்கு. இந்தப் பாட்டை இவ்வளவு மெதுவாப் பாடினா நான் விட மாட்டேன். சரி, இப்ப அது என் வேலையில்ல.

யாரு பேசப்போறாங்களா? என் பையன்தான். ஒரே பையன். அவன் வயித்துல இருக்கும்போதே நாங்க ரெண்டு பேரும் முட்டி போட்டு, ஆண்டவரே இது உம்ம பிள்ளை, உம்ம ஊழியத்துக்குன்னு ஒப்புக்கொடுத்தோம். இப்ப நெனச்சா கொஞ்சம் சிரிப்பா வருது, பொறக்காத புள்ளைகிட்ட யாரு சம்மதம் கேப்பா? அவனுக்குக் கணக்குன்னா உயிரு. ஸ்கூல்ல கணக்கு வாத்தியாரா இருந்தான். நல்ல வாத்தியார்னு பேரு. கணக்கே வராத புள்ளைங்கல்லாம் இவன்கிட்ட வந்து தேறிச்சுன்னு சொல்லுவாங்க. நான் அத ஒரு பெரிய விஷயமா நெனச்சதே இல்ல, ஆண்டவர் கூப்பிடற வரைக்கும் ஏதோ செய்யறான்னு விட்டு வெச்சிருந்தேன்.

அப்புறம் என் நெஞ்சு மக்கர் பண்ணுச்சு. டாக்டர், ஐயா நீங்க பேசலாம், கத்தக் கூடாதுன்னாரு. கத்தாம நான் எப்படிப் பேசறது? சபையில ஒரே பேச்சு, பாஸ்டருக்கு அப்புறம் யாருன்னு. அதுல என்ன கேள்வி, தம்பிதான்னு அவங்களே பதிலும் சொல்லிக்கிட்டாங்க. நான் பையனைக் கூப்பிட்டு, நீ என்னடா சொல்றன்னு கேட்டேன். சரிப்பான்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. அந்த வருஷப் பரீட்சை முடியற வரைக்கும் டைம் குடுங்க, பத்தாவது புள்ளைங்களை பாதியில விட முடியாதுன்னான். முடிச்சான், வேத பாடசாலைக்குப் போயி படிச்சான், வந்தான்.

சபையை அவன்கிட்ட ஒப்படைச்ச அன்னிக்கு நடந்த கூத்தைக் கேளு. எல்லாரும் எழுந்து நிக்கறாங்க. அவன் முட்டி போட்டிருக்கான், நான் தலைமேல கை வெச்சு ஜெபம் பண்ணி, மைக்கை எடுத்து அவன் கையில குடுத்தேன். அழாத கண்ணு இல்ல. குடுத்துட்டு நான் எறங்கி முன்வரிசையில போயி உக்காரணும், அதானே ஏற்பாடு? பழக்கதோஷம், நேரா மேடையில இருக்கற என் நாற்காலியில போயி உக்காந்துட்டேன்! அவன் பாவம், உக்கார எடம் இல்லாம மைக்கைப் புடிச்சுக்கிட்டு நிக்கறான். எழுந்திருங்கன்னு சொல்ல யாருக்கும் வாய் வரல. என் வீட்டுக்காரியும் கீழ இருந்து கண்ணைக் காட்டறா, காட்டறா, எனக்கு உறைக்கவே இல்ல. கூட்டம் முடியற வரைக்கும் அவன் நின்னுக்கிட்டே இருந்தான்.

நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன், அது தெரியாம நடந்தது. அடுத்த வாரத்துல இருந்து முன்வரிசையில ஒழுங்கா உக்காந்தேன். அங்கதான் வம்பே.

எங்க சபையில பிரசங்கம் நடுவுல ஜனங்க ஆமென் சொல்லுவாங்க. அப்படியே ஆகட்டும்னு அர்த்தம். நான் பேசும்போது அது தானா வரும், ஏன்னா நான் குரலை ஏத்தி ஏத்திக் கொண்டுபோயி ஒரு எடத்துல நிறுத்துவேன், அங்க ஆமென்னு எல்லாருக்கும் தெரியும். இவன் அப்படிப் பேச மாட்டான். வாத்தியார்ல? மெதுவா ஒண்ணு சொல்லுவான். ஒரு கேள்வி கேப்பான். கேட்டுட்டுச் சும்மா நிப்பான், புள்ளைங்க யோசிக்கட்டும்னு போர்டுக்குப் பக்கத்துல நிப்பாங்கல்ல, அந்த மாதிரி. ஜனங்களுக்கு எங்க ஆமென் போடறதுன்னே புரியல. உடனே என்னைப் பாத்தாங்க. நான் தலையாட்டினேன். அவ்வளவுதான், சபை முழுக்க ஆமென்! நான் ஆட்டலைன்னா ஒரு சத்தமும் இல்ல. அவன் மேடையில நின்னு பேசறான், எல்லாக் கண்ணும் என் பின்னந்தலை மேல.

நல்லதுதானே, உதவியாத்தானே இருக்கீங்கன்னு நீ கேப்ப. நானும் அப்படித்தான் நெனச்சேன். மறைக்க என்ன இருக்கு, சந்தோஷமாக்கூட இருந்துச்சு. அவதான் வீட்டுக்கு வந்து புடிச்சா. ஏங்க, அவன் பேச்சுக்கு ஆமென் சொல்றாங்களா, உங்க தலைக்குச் சொல்றாங்களான்னு கேட்டா. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. சரின்னு அடுத்த வாரம் ஆட்டாம, கல்லு மாதிரி உக்காந்தேன். அது அதைவிட மோசமாப் போச்சு. பெரியவருக்குப் பையன் பிரசங்கம் புடிக்கலன்னு முடிவு கட்டிட்டாங்க. சபை முழுக்க கப்சிப். இவன் கேள்வி கேட்டுட்டு நிக்கறான், நிக்கறான், ஒருத்தர் வாய் திறக்கல. பாதியில முடிச்சுட்டு எறங்கினான்.

அன்னிக்கு மத்தியானம் சாப்பாட்டுத் தட்டை வெச்சுக்கிட்டு ஒரு வாய்கூடச் சாப்பிடாம உக்காந்திருந்தான். அப்புறம், அப்பா, எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க, திருத்திக்கறேன்னான். ஒண்ணும் தப்பு இல்லடா, நல்லாத்தான் இருந்துச்சுன்னேன். அப்புறம் ஏம்ப்பா தலையாட்டலன்னான். பெத்த புள்ள, என் தலையைப் பாத்து அவன் மார்க் எடுத்துக்கிட்டு இருக்கான். எனக்கு அழுகையே வந்துடுச்சு, எழுந்து கை கழுவப் போயிட்டேன்.

பின்வரிசைக்குப் போகலாமேன்னா? போனேனே. தலையைத் திருப்பிப் பாத்தாங்க! கழுத்து சுளுக்கிக்கும்னு ஒரு பாட்டிக்கு நானே எழுந்து எடம் மாத்திக் குடுத்தேன். கூட்டம் முடிஞ்சா என் முன்னாடி வரிசை. ஐயா, தலைமேல கை வெச்சு ஜெபம் பண்ணுங்கன்னு. தம்பிகிட்ட போங்கம்மான்னு சொன்னா, அவரு சின்னப் பையன், நீங்க வைங்கன்னு எனக்கு ஐஸ் வெப்பாங்க. அவன் அந்தக் கோடியில கையைக் கட்டிக்கிட்டு, யாராவது வருவாங்களான்னு நிப்பான். கொஞ்ச நேரம் கழிச்சு நாற்காலியை அடுக்க ஆரம்பிச்சுடுவான், ஏதோ வேலை இருக்கற மாதிரி. அதை நான் பாத்துட்டேன். அதுக்கப்புறம் அங்க என்னால உக்கார முடியல.

அந்த நேரம் பாத்து ஒரு வெளியூர் சபையில இருந்து அழைப்பு வந்துச்சு. நான் ஒப்படைச்ச அன்னிக்கே வந்திருந்த வெளியூர் பாஸ்டருங்க எல்லாரும் சொன்னாங்க, இனிமே ஐயா எங்களுக்கும் கெடைப்பாரு, எங்க ஊருக்கும் வரணும்னு. ஒருத்தர் நெஜமாவே கூப்பிட்டாரு. ஆண்டவர் வழி திறந்துட்டாருன்னு வீட்ல ஒரே கொண்டாட்டம். இந்தச் சட்டையைத்தான் போட்டுக்கிட்டுப் போனேன். போனா, அங்கயும் பையன் கையிலதான் சபை. கூப்பிட்ட அப்பா முன்வரிசையில உக்காந்திருக்காரு. பையன் என்கிட்ட வந்து ரொம்பப் பணிவா, ஐயா ஒரு அஞ்சு நிமிஷம் வாழ்த்து சொல்லிடுங்கன்னான். சொன்னேன். சொல்லிட்டு எறங்கி அந்த அப்பா பக்கத்துல உக்காந்தேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கவே இல்ல. காலர்கூட நனையல எனக்கு.

எல்லா எடத்துலயும் அப்படித்தாம்மா இருக்கு இப்ப. எங்க பாத்தாலும் முன்வரிசையில ஒரு அப்பா. இதுல அடுத்த வீட்டு அப்பா யாருக்கு வேணும்?

அதுக்கப்புறமா? அதுக்கப்புறம் இங்கதான். உன் பெஞ்சுதான் எனக்கு முன்வரிசை.

ஷ்... ஆரம்பிச்சுட்டான். கேக்குதா? மைக்கை வாய்க்கு ரொம்ப கிட்ட வெக்காதடான்னு சொல்லணும்... எங்க சொல்றது. நல்லா வெச்சிருக்கான், விடு.

என்ன சொல்றான்னு உனக்குப் புரியாதுல்ல, நான் சொல்றேன். வேதத்துல ஒரு சம்பவம். அண்ணன் தம்பி ரெண்டு பேரு, மீன் புடிக்கறவங்க. அப்பாவோட படகுல உக்காந்து வலையைப் பழுது பாத்துக்கிட்டு இருக்காங்க. ஆண்டவர் கரையில நடந்து வந்து, வாங்கன்னு கூப்பிடறாரு. ரெண்டு பேரும் போட்டது போட்டபடி, அப்பாவைப் படகுலயே விட்டுட்டுப் போயிட்டாங்க. அவ்வளவுதான் சம்பவம். இத நான் எத்தனை தடவ பேசியிருக்கேன் தெரியுமா? விட்டு வா, விட்டு வான்னு மேடை அதிரும். வாலிபப் பசங்கல்லாம் அழுதுக்கிட்டே முன்னாடி வருவாங்க.

இவன் என்ன... ஒரு நிமிஷம்.

கேட்டியா என்ன கேக்கறான்னு? அந்தப் படகுல தனியா உக்காந்திருந்த அப்பா என்ன பண்ணியிருப்பாருன்னு கேக்கறான். அட, இது எனக்குத் தோணினதே இல்லம்மா. இத்தனை வருஷத்துல ஒரு தடவகூட நான் அந்தப் பெரியவரைத் திரும்பிப் பாத்ததில்ல. கேட்டுட்டு நிக்கறான் பாரு. அவன் அப்படித்தான் நிப்பான். ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க, பாத்துக்கிட்டே இரு. தண்ணி இருந்தா கொஞ்சம் குடேன்.

போகாதேன்னு அவரு சொல்லலங்கறான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும், பசங்க நின்னிருப்பாங்க. அவரு சொல்லல, வலையைக் கையில வெச்சுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தாருங்கறான். அதுவும் ஊழியம்தானேன்னு கேக்கறான்.

எங்க வீட்ல அப்படியே தலைகீழா ஆகிப்போச்சு. பையனைப் படகுல உக்கார வெச்சுட்டு அப்பா எறங்கி வந்துட்டேன்.

நிக்கறான் இன்னமும். ஐயோ, பேசுடா. ஏதாவது சொல்லி முடிச்சுடுடா, அப்படி நிக்காத...

கேட்டியா! கேட்டியாம்மா நீ? ஆமென்னு சொன்னாங்க! சபை முழுக்க! நான் அங்க இல்ல, தலையாட்ட ஆள் இல்ல, அவன் கத்தவும் இல்ல. அவங்களா சொல்றாங்க. இதோ மறுபடியும். பின்வரிசையில இருந்து வருது பாரு, அந்தக் கட்டைக் குரல், அதான் முன்ன சொன்னேன்ல, டயர் கடை ஓனரு. என் தலையை மட்டுமே பாத்துக்கிட்டு இருந்த மனுஷன். இதுக்குத்தாம்மா நான் ஜெபம் பண்ணினேன். அவனோட பேச்சுக்கு, அவனுக்காக, ஒரு ஆமென் வரணும்னு. வந்துடுச்சு.

இல்ல, அழல. சந்தோஷம்தான். சந்தோஷம் இல்லாம என்ன. எல்லாரும் சொன்னாங்க, எனக்குத்தான் ஆமென் வாய்ல வரல. இனிமே அங்க யாரும் தலையைத் திருப்பிப் பாக்க மாட்டாங்க. அது வேணும்னுதான் நான் எறங்கி வந்தேன், ஆனா இவ்வளவு சீக்கிரம் வரும்னு நெனைக்கல.

அதான் சரியாயிடுச்சே, இப்ப உள்ள போங்களேன்னா? எப்படிம்மா போறது? இன்னிக்குத்தான் அவன் எழுந்து நின்னிருக்கான். நான் கதவைத் திறந்து நுழைஞ்சா, பழையபடி எல்லாக் கழுத்தும் திரும்பும். அதோட, இன்னொரு சிக்கல் வேற இருக்கு. இரு, கடைசி ஜெபம் பண்றான், கேளு. வியாதிக்காரங்களுக்காக... பரீட்சை எழுதற புள்ளைங்களுக்காக, அதை மறக்க மாட்டான்... ஆங், இதோ. எங்க அப்பாவுக்காகங்கறான். ஊர் பேரு சொன்னான், காதுல விழுந்துச்சா? அந்த ஊர்ல இந்த நேரத்துல பிரசங்கம் பண்ணிக்கிட்டு இருக்கற எங்க அப்பாவுக்கு நல்ல சுகம் குடும்னு கேக்கறான். சபை முழுக்க ஆமென் சொல்லுது.

அந்த அப்பா நான்தாம்மா. இப்ப நான் அந்த ஊர்ல பேசிக்கிட்டு இருக்கேன்.

அந்த அஞ்சு நிமிஷ வாழ்த்துக்கு அப்புறம் என்னை ஒருத்தரும் கூப்பிடலம்மா. வீட்ல சொல்லல. எப்படிச் சொல்றது? அப்பாவுக்கு நிக்க ஒரு மேடை இல்லைன்னு தெரிஞ்சா, அடுத்த நிமிஷமே அவன் மைக்கைக் கொண்டுவந்து என் கையில குடுத்துடுவான். அப்பா, நீங்களே பேசுங்க, நான் ஸ்கூலுக்கே போறேன்னுவான். சொல்லக்கூட மாட்டான், குடுத்துடுவான். நானும் வாங்கிக்குவேன். எனக்கு என்னைப் பத்தித் தெரியாதா? அதனால ஞாயித்துக்கிழமை ஆனா இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு, வேதத்தைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிடுவேன். அவ வாசல்ல நின்னு, பாத்துப் பேசுங்க, கத்தாதீங்கன்னு சொல்லி அனுப்புவா. பஸ் ஸ்டாண்ட்ல சட்டையை மாத்திக்கிட்டு, சுத்தி இந்தச் சந்துக்கு வந்துடுவேன்.

நீதானே கேட்ட, அழுக்கே இல்லாத சட்டையை எதுக்குத் துவைக்கணும்னு. காஞ்ச சட்டையோட வீட்டுக்குப் போனா கையில வாங்கின உடனே அவளுக்குத் தெரிஞ்சு போயிடும்மா. வேர்த்து ஊத்திடுச்சு, அங்கயே ஒரு கடையில போட்டு வாங்கிட்டேன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். முதுகு வரைக்குமான்னு கேப்பா. ஆமான்னுவேன். அவளுக்கு மொகமெல்லாம் பூரிச்சுப் போகும்.

சரி, முடிஞ்சுடுச்சு, மெஷினைப் போடு. சோப்பு கொஞ்சம் போதும், நாலு சுத்து சுத்தி எடுத்துடு. ஆங், கேக்க மறந்துட்டேன், உனக்கு எந்த ஊரும்மா? இல்ல, சும்மா கேக்கல. அடுத்த ஞாயித்துக்கு வீட்ல ஒரு ஊர் பேரு சொல்லணும். எனக்குத் தெரிஞ்ச ஊரெல்லாம் தீந்து போச்சு.